கனமான கைக்கு மெல்லிய ஊசி

என் கணவரின் அண்ணன் என் குரலைக் கெடுத்த அன்று அவர் வீட்டில் கிரகப்பிரவேசம். பெரும்பாக்கத்தில் பன்னிரண்டாவது மாடியில் புது ஃபிளாட். காலையிலேயே ஹோமம் முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரையும் அவர் ஹாலில் உட்காரவைத்துத் தன் ரெக்கார்டு பிளேயரைக் காட்டிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் பாட்டுக்கருவி விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். யார் வீட்டில் ஸ்பீக்கர் வாங்கினாலும் அவரிடம் கேட்டுத்தான் வாங்குவார்கள். வாங்கிய பிறகு அவர் வந்து பார்த்து, "என்னைக் கேக்காம இதையா வாங்கின?" என்பார். கேட்டு வாங்கினவர்களிடமும் அதையே சொல்வார்.

அன்று என்னிடம் ஒரு சின்ன ரெக்கார்டு இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளி விழாவுக்காகப் பதிவு செய்தது. குழுப்பாட்டு. நடுவில் நான் மட்டும் தனியாகப் பாடும் வரிகள் உண்டு. பாடினவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கல்யாணமாகிச் சில வருடங்களில் எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் என் குரல் கரகரத்துவிட்டது. தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்த இந்தக் குரல் போதும். பாடுவதற்குப் போதாது. நான் ஒரு காலத்தில் பாடினேன் என்பதற்கு அந்த ரெக்கார்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எங்களிடம் பிளேயர் இல்லாததால் அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்தது.

"கொண்டு வாம்மா. என் சிஸ்டத்துல கேட்டா நீயே அசந்துபோவ" என்று அவர்தான் போனில் சொன்னார். சேலையூரிலிருந்து பைக்கில், மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

அவர் ரெக்கார்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். ஊசி துள்ளி நடுவில் போய் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி துள்ளியது. கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, ஊசி இருக்கும் தலைப்பகுதியின் மேல் வைத்து, செலோடேப் போட்டு ஒட்டினார். ஊசி துள்ளவில்லை. என் வரிகள் வந்தன.

"டீச்சரா இது!" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தியிலிருந்து லேட்டாக வந்தவர்களுக்காக அவர் திரும்பப் போட்டார். அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்காக இன்னொரு முறை. அப்புறம் வாட்ச்மேனைக் கூப்பிட்டும் போட்டுக் காட்டினார். சாயங்காலத்துக்குள் என் வரிகள் வரும் இடத்தில், சூடான எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

"அத்தான், போதும். ரெக்கார்டு தேயுது" என்றேன்.

"பழைய ரெக்கார்டும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஒருவேளை அப்பவே டீச்சரம்மா குரல் இப்படித்தான் இருந்துச்சோ என்னவோ!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதையும் நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "அண்ணன் என்ன வேணும்னா பண்ணாரு? விடேன்" என்றார்.

"வேணும்னு பண்ணியிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றேன். "என்ன பண்றோம்னு பாக்கக்கூட இல்ல."

அவர் டிவியைப் போட்டார். நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். எப்படி, எப்போது என்பதெல்லாம் தெரியாது. ஆனால் இதே ஆட்களுக்கு முன்னால், இதே ஹாலில், அந்த மனிதரின் வாயை அடைக்க வேண்டும். அது நடக்கும்வரை அவர் வீட்டுக் காபி எனக்குக் கசக்கத்தான் போகிறது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு ஜப்பான் பிளேயர் கிடைத்தது. பள்ளியில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, புறாக் கூண்டுகளையும் செடித் தொட்டிகளையும் தாண்டிப் போய், பழைய மின்விசிறிகளுக்கு நடுவில் கண்டெடுத்தேன். தட்டு சீராகச் சுழன்றது. ஊசியைத் தாங்கும் கை, அதாவது டோன் ஆர்ம், மெல்லியதாக, நேராக, எடையே இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் அதன் நுனியில் கார்ட்ரிட்ஜ் இல்லை. கார்ட்ரிட்ஜ் என்பது கட்டைவிரல் நகம் அளவு ஒரு பெட்டி. அதன் அடியில்தான் ஊசி இருக்கும். ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி ஆடுவதைப் பாட்டாக மாற்றுவது அதுதான்.

ஆன்லைனில் உறுதியானது என்று பேர்பெற்ற ஒன்றை வாங்கி மாட்டினேன். பாட்டு வந்தது, ஆனால் நடுங்கிக்கொண்டே வந்தது. சில இடங்களில் உறுமியது. நல்ல பிளேயர், நல்ல கார்ட்ரிட்ஜ், இரண்டும் சேர்ந்தால் மட்டும் இழுபறி. ஜாதகம் பார்க்காமல் கட்டிவைத்த ஜோடி மாதிரி.

ஏன் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருடா வருடம் கரும்பலகையில் நான் வரைகிற படம்தான் அது. ஒரு சுருள்வில், அதன் முனையில் ஒரு நிறை. ஊசி ஒரு துளி ரப்பரில் பொருந்தியிருக்கிறது, அது சுருள்வில். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து நிறை. வில் இளக்கமாக இருந்தால் கை லேசாக இருக்க வேண்டும். வில் விறைப்பாக இருந்தால் கை கனமாக இருக்கலாம். மாற்றிக் கட்டினால் இரண்டும் சேர்ந்து தப்பான வேகத்தில் ஆட ஆரம்பிக்கும். என்னுடையது லேசான கை. நான் வாங்கியது விறைப்பான ஊசி. ஸ்கூட்டருக்கு லாரி ஸ்பிரிங் போட்ட கதை.

அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, லேசான கைக்குப் பொருந்துகிற சாதாரணமான ஒன்றை மாட்டினேன். பாட்டு வழிந்தது. முதலில் போட்டது என் பள்ளி ரெக்கார்டைத்தான். என் வரிகளில் அதே எண்ணெய்ச் சத்தம். பள்ளத்தின் சுவரே வெட்டுப்பட்டிருந்தது. இனி எந்த ஊசியாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கூடவே இன்னொன்றும் புரிந்தது. அவருடைய பிளேயரில் ஊசி ஏன் துள்ளியது என்று. அவரிடம் இருந்தது கனமான கை. அதில் அவர் மாட்டியிருந்தது இளக்கமான ஊசி. நாணயம் வைத்தது இரண்டாவது தப்பு. முதல் தப்பு அந்த ஜோடி. பாட்டுக்கருவியில் சட்டம் வைக்கிற மனிதருக்கு அடிப்படையே தெரியவில்லை. இந்தச் செய்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்திரப்படுத்தினேன்.

அதற்கு அடுத்த பொங்கலுக்கு அத்தான் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் புது பிளேயர் வாங்கியிருந்தார். பழையதைத் தள்ளிவிட்டாராம். போனில் படம் காட்டினார். கருங்கல் மாதிரி அடிப்பலகை, அதன்மேல் நீளமான, தடித்த கை.

"இந்த ஆர்ம் எவ்ளோ வெயிட் தெரியுமா? தூக்கிப் பாத்தா இரும்புக்கம்பி மாதிரி இருக்கும்" என்றார். "இதுக்கேத்த கார்ட்ரிட்ஜ்தான் பாத்துட்டிருக்கேன்."

என் கணவர் இருந்தார். அத்தானுடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிற என் ஓரகத்தி, வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் போனில் இரண்டு கார்ட்ரிட்ஜ்களைக் காட்டினார். ஒன்று விறைப்பானது, கனமானது, பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். என் அலமாரியில் கிடந்த அதே வகை. இன்னொன்று தங்க நிறத்தில், ரொம்ப நுட்பமானது, ரொம்ப இளக்கமானது. அவர் கைக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது.

பழிவாங்க நினைக்கிறவர்கள் பொய் சொல்லித்தான் ஆளைக் கவிழ்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பொய்யே தேவைப்படவில்லை.

"அத்தான், முதல்ல காட்டினதை வாங்குங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "உங்க ஆர்ம் கனம். அதுக்கு விறைப்பான ஊசிதான் சரி. இந்தத் தங்கக் கலர் ரொம்ப இளக்கம். இது என்னோடது மாதிரி லேசான ஆர்முக்குத்தான் ஆகும்."

அவர் என்னைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புப் பையன் அவருக்கு வழி சொன்ன மாதிரி பார்த்தார்.

"சந்தையில பொறுக்கின பிளேயருக்கா இந்த கார்ட்ரிட்ஜு?" என்றார். "டீச்சரம்மா, புக்குல படிக்கிறது வேற, காதால கேக்கிறது வேற. நான் எவ்ளோ வருஷமா இதுல இருக்கேன்."

"சொல்றதைச் சொல்லிட்டேன் அத்தான்."

"இதுவா, லாரி டிரைவர் வாங்குவான்" என்று விறைப்பானதைத் தள்ளிவிட்டு, அங்கேயே, எங்கள் சோபாவில் உட்கார்ந்தபடி, தங்க நிறத்தை ஆர்டர் செய்தார்.

நான் உள்ளே போய் வடைக்கு எண்ணெய் வைத்தேன். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்க அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். அவர் எதை வாங்க வேண்டும் என்று விரும்பினேனோ, அதை வாங்காதே என்று நான் சொன்னால் போதும் என்பது எனக்கு முன்பே தெரியும். இருபத்தெட்டு வருட மருமகள் அனுபவம்.

அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சபை கூடும். அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர், இன்னும் சில அண்டைவீட்டுக்காரர்கள். புது பிளேயரின் முதல் கச்சேரிக்கு எங்களையும் கூப்பிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்களிலும் சிலரைக் கூப்பிட்டிருந்தார்.

நான் தயாரானேன். அலமாரியில் கிடந்த விறைப்பான கார்ட்ரிட்ஜை எடுத்தேன். அதை மாட்டுகிற தலைப்பகுதியை ஹெட்ஷெல் என்பார்கள். பல கைகளில் அது குழாய் மாதிரி திருகிக் கழற்றக்கூடியது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகலாம். அவருடையதும் அப்படித்தான் என்று படத்தில் பார்த்துவைத்திருந்தேன். கனமான உலோக ஹெட்ஷெல் ஒன்று வாங்கி, அதில் கார்ட்ரிட்ஜை அளந்து பொருத்தி, ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு வைத்து அடைத்தேன். ஊசியின் அழுத்தத்தை நிறுக்கும் சின்னத் தராசையும் எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

"பையில என்ன?" என்றார் என் கணவர்.

"கண்ணாடி" என்றேன். பொய் என்று பார்த்தால் அந்த விவகாரத்தில் நான் சொன்னது அது ஒன்றுதான்.

ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார். தங்க நிறக் கார்ட்ரிட்ஜைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு விளக்கைக் குறைத்து, ஊசியை இறக்கினார்.

பாட்டு நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஒரு நிமிடம் எனக்கே பயம் வந்தது, தோற்றுவிட்டோமோ என்று. அதற்குள் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அதன் கூம்பு மூச்சிரைக்கிற நாய் வயிறு மாதிரி உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தது. பாடகியின் குரல் நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் குடிகாரன் மாதிரி தள்ளாடியது. ரெக்கார்டு லேசாக வளைந்திருந்த இடத்தில் கை அலையில் படகாக ஏறி இறங்கியது. யாரோ காபி எடுக்க எழுந்து நடந்தார்கள். ஊசி துள்ளிவிட்டது.

"நடக்காதீங்க சார்!" என்றார் அத்தான்.

மறுபடி வைத்தார். மறுபடி துள்ளியது. "கீழ் ஃபிளாட்டுல மிக்ஸி ஓடுது போல" என்றார். ரெக்கார்டை மாற்றினார். அதிலும் குரல் தள்ளாடியது. ஊசியின் அழுத்தத்தைக் கூட்டினார். இளக்கமான ஊசி அந்தப் பாரத்தில் நசுங்கி உள்ளே போக, பாட்டு மூக்கடைத்த மாதிரி ஆனது. "கரண்ட் சரியில்ல" என்றார். "மெட்ரோக்காரன் தோண்டுறான்ல, அந்த அதிர்வு" என்றார். அவர் நெற்றியில் வேர்வை.

சங்கச் செயலாளர் எதார்த்தமாகக் கேட்டார்: "எங்க வீட்ல இருக்கிற ப்ளூடூத் ஸ்பீக்கர்ல இந்தப் பிரச்சினை எல்லாம் வர்றதில்லையே சார்?"

சிரிப்பு எழுந்தது. அதே ஹால், ஏறக்குறைய அதே ஆட்கள். நான் அந்தச் சிரிப்பை வெயில் நாளில் பனைநுங்கு சாப்பிடுகிற மாதிரி அனுபவித்தேன்.

ரயில்வே பொறியாளர்தான் என் பக்கம் திரும்பினார். "மேடம் ஃபிசிக்ஸ் டீச்சர்னு சொன்னாங்களே. உங்களுக்கு என்னன்னு தோணுது?"

"சொல்லலாமா அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

"ஸ்கூட்டர் ஸ்பிரிங் மேல லாரி பாடியை வெச்சிருக்கு சார்" என்றேன். "கேம்ப் ரோடு ஸ்பீட் பிரேக்கர்ல அது எப்படிப் போகும்? ஒரு மேடு ஏறினா நாலு தரம் ஆடும். இந்த ஆர்ம் லாரி. இந்த ஊசி ஸ்கூட்டர் ஸ்பிரிங். ரெண்டுமே நல்ல பொருள்தான். சேத்தவர்தான் பாக்கல. பொங்கலன்னைக்கே அத்தான்கிட்ட இதைச் சொன்னேன்."

"ஆமா, சொன்னா. நானும் இருந்தேன்" என்றது ஒரு குரல். ஓரகத்தி. கையில் காபித் தட்டு. அவர் கணவரைப் பார்க்காமல், தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். அவருடைய ஹெட்ஷெல்லைத் திருகிக் கழற்றி, என்னுடையதைச் செருகினேன். பின்னால் இருக்கும் எடையை நகர்த்திக் கையைச் சமன் செய்து, தராசில் அழுத்தம் பார்த்தேன். துள்ளிய அதே ரெக்கார்டை எடுத்து ஊசியை இறக்கினேன்.

குரல் நின்றது. எழுந்து, நேராக, எங்கும் சாயாமல் நின்றது. அடியில் மிருதங்கம் ஒவ்வொரு தட்டாகக் கேட்டது. ஸ்பீக்கரின் கூம்பு தேவைக்கு மட்டும் அசைந்தது. "சார், நல்லா நடந்து பாருங்க" என்றேன் பொறியாளரிடம். அவர் எழுந்து குழந்தை மாதிரி தங்கு தங்கென்று நடந்தார். ஊசி அசையவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் ஓடி முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அத்தானும் தன்னை மறந்து கையைத் தூக்கிவிட்டு, பாதியில் இறக்கிக்கொண்டார்.

"இன்னொரு ரெக்கார்டு போடுங்க மேடம்" என்றார் செயலாளர்.

நான் ஊசியைத் தூக்கினேன். ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பஞ்சில் வைத்துப் பெட்டியை மூடினேன். அவருடையதை எடுத்துத் திரும்ப மாட்டினேன்.

"என்னம்மா, எடுத்துட்ட?" என்றார் அத்தான். குரல் தணிந்திருந்தது. "இருக்கட்டுமே. இன்னைக்கு மட்டும் வெச்சுட்டுப் போயேன். எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"அது லாரி டிரைவர் வாங்குறது அத்தான்" என்றேன். "உங்களுக்குச் சரிப்படாது."

பையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டேன். மேடவாக்கம் தாண்டி ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது என் கணவர் சொன்னார்: "அண்ணன் மூஞ்சியைப் பாத்தியா நீ?"

"பாத்தேன். அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"இவ்ளோ நாள் மனசுல வெச்சிருந்தியா?"

"அன்னைக்கு நீங்க சிரிச்சதையும் வெச்சிருக்கேன்" என்றேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், காற்றில் பாதி கேட்கிற மாதிரி, "சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். நான் அவர் தோளில் கை வைக்கவில்லை. ஆனால் அன்றிரவு தூங்கினேன், நன்றாகத் தூங்கினேன்.

பழிவாங்கிய பிறகு வெறுமையாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. என் வரிகள் திரும்பவில்லை, உண்மைதான். ஆனால் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுகூட அவர் பாதியில் இறக்கிய கை ஞாபகம் வந்து எனக்குள் சிரித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைச் சபை நின்றுபோனது. பொறியாளர் மட்டும் ஒருநாள் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார்.

கோடை விடுமுறையில் ஓரகத்தி தனியாக வந்தார். துணிக்கடைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தங்க நிறக் கார்ட்ரிட்ஜ்.

"திருப்பி அனுப்பப் பாத்தாரு, கடைக்காரன் எடுத்துக்கல. தூக்கிக் கடாசுன்னாரு. உன்னோடதுக்கு ஆகும்னு அன்னைக்குச் சொன்னியே" என்றார்.

"அவருக்குத் தெரியுமா அக்கா, இங்க கொண்டாந்தது?"

"நான் எதுக்குச் சொல்லணும்? ரொம்ப வருஷமா நானும் நிறையக் கேட்டுட்டிருக்கேன்டி" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

அவர் முன்னாலேயே அதை மாட்டினேன். அத்தான் அன்று பாரம் கூட்டியதில் ஊசிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. என் லேசான கையில் அது வாழைத்தண்டில் எறும்பு போகிற மாதிரிப் போனது. பாட்டுக்கு நடுவில் பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டார். "வீட்ல கேக்கும்போது பக்கத்துல அவர் பேசிட்டே இருப்பாரு" என்றார்.

போன ஆவணியில் குரோம்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் என் எதிர்வரிசையில் அத்தான் உட்கார்ந்தார். எப்படியோ அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. சாம்பார் வந்தது, ரசம் வந்தது. பாயசத்துக்குக் காத்திருக்கும்போது, இலையைப் பார்த்தபடி கேட்டார்:

"அந்த கார்ட்ரிட்ஜ்... உன்னோடதுல எப்படிப் பாடுது?"

"பிரமாதமா பாடுது அத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒருநாள் வந்து கேளுங்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. பாயசம் வந்தது, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.